எதில் முக்கால்?

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், இடது தோள் சுகம், வலது தோளைப் பற்றிக் கேட்காதே, உன் அம்மா உன் மாமா வீட்டில் என்னைவிட அதிக சுகம் என்று கேள்வி, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் கத்துவேன், நீ சிரிப்பாய், உன் சிரிப்பைக் கேட்டு நானும் சிரித்துத் தொலைப்பேன், கோபம் வீணாகிவிடும். இது வீணாக்கக்கூடிய கோபம் இல்லை மகளே, வயிரம் பாய்ந்த கோபம். அதனால்தான் பலகையில் கோடு போடுகிற பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் என் வாத்தியாரைத் திட்டு, அஞ்சாவதோடு அவர் என்னைக் கைகழுவினார், நானும் அவரைக் கைகழுவினேன், இரண்டு பேருக்கும் நிம்மதி.

உன் அம்மா படியில் விழுந்து கணுக்கால் பிசகி மாமா வீட்டுக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது, வாசல் வரை நடக்கிறாள், கடைக்குக்கூடப் போகிறாளாம், ஆனால் இந்த வீட்டுக்கு மட்டும் வரமாட்டாளாம். போகிற அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு தெருவே கேட்கும்படி சொன்னாள், "ஊருக்கெல்லாம் கைப்பிடி போட்டுக் குடுத்த மகராசன், சொந்த வீட்டுப் படிக்கு ஒரு குச்சி நட்டதில்ல. கைப்பிடி வந்தா நான் வர்றேன். இல்லேன்னா நீங்களும் உங்க சுத்தியலும் குடும்பம் நடத்துங்க." சுத்தியல் நல்ல மாதிரிதான், எதிர்த்துப் பேசாது, ஆனால் சமைக்கத் தெரியாது. பதினெட்டு நாளாக அவித்த முட்டை தின்கிறேன், இன்னும் ஒரு வாரம் போனால் விடிகாலையில் கூவ ஆரம்பித்துவிடுவேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபது வருஷமாகக் கீழே பட்டறை, மேலே வீடு, நடுவே செங்குத்தாகப் பதினொரு படி, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. போடுகிறேன் பார் என்று, இடித்த கிடங்கிலிருந்து வந்து வெகுநாளாகச் சுவரோரம் சாத்தியிருந்த உத்தரக் கட்டையை அறுத்தேன். உள்ளே இரும்பு மாதிரி மரம். படிக்கு இரண்டு கம்பு வீதம் இருபத்திரண்டு கம்பு, ஒவ்வொரு கம்புக்கும் மேலே கைப்பிடியில் ஒரு துளை, கீழே அடிக்கட்டையில் ஒரு துளை, ஆக நாற்பத்து நான்கு துளை. ஒவ்வொன்றும் ஒரு இஞ்சு அகலம், படியின் சரிவுக்குத் தக்கபடி எல்லாம் ஒரே சாய்வு, ஒன்று தப்பினாலும் அந்தக் கம்பு குடிகாரன் மாதிரி நிற்கும். கைத் துரப்பணத்தை எடுத்து ஒரு துண்டுக் கட்டையில் ஒரே ஒரு துளை போட்டுப் பார்த்தேன். மறுநாள் சட்டைக்குள் கை நுழையவில்லை. டாக்டர் என் தோளை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் திருகினது போதும், இனிமே மெஷின் திருகட்டும், நீங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பாருங்க" என்றார். அப்புறம்தான் உனக்குப் போன் போட்டேன். ஞாபகம் இருக்கிறதா? இருக்கும், இருக்கட்டும், உன் பங்குக்கும் திட்டு வைத்திருக்கிறேன்.

நீ மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கம்பெனியில் இருக்கிறவள், உன்னைவிட்டால் யாரைக் கேட்பேன்? அன்றைக்கு உன் பக்கம் ஆயிரம் வண்டு ஒன்றாக இரைகிற மாதிரி சத்தம். அதற்கு நடுவே நீ கத்தினாய், "அப்பா, மரத்துக்குன்னா முக்காலுக்குக் கொறையாம வாங்குங்க, கடையில அரையே போதும்பாங்க, ஏமாந்துடாதீங்க!" நானும் சரி முக்கால், முக்கால் என்று ஏமாறாமல் இருக்கத் தெரு முழுக்க முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போனேன். மோட்டார் பலத்தைக் குதிரையில்தான், அதாவது எச்.பி.யில்தான் அளப்பார்கள், முக்கால் குதிரை என்றால் தலை இல்லாத குதிரையா, வால் இல்லாத குதிரையா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் லைன் போய்விட்டது. அந்தக் கடைக்காரரை உனக்குத் தெரியாது. வாய் மூடாமல் சிரிப்பார், யாராவது செத்த சேதி சொன்னால்கூடச் சிரித்துக்கொண்டே வருத்தப்படுவார். "வாங்கண்ணே, என்ன வேணும்?" என்றார். டிரில்லிங் மெஷின் வேண்டும், நின்று வேலை செய்கிற உயரத்தில், முக்கால் என்றேன். "முக்காலா? ஜம்முனு இருக்கு" என்று ஒன்றைக் காட்டி, சந்தையில் மாட்டின் முதுகைத் தட்டுவது போலத் தட்டினார். பச்சைப் பெயிண்டு, பளபளவென்று கைப்பிடிச் சக்கரம், தட்டைச் சாய்த்து வைக்கவும் வசதி இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. துணைக்கு வந்திருந்த உன் மாமா ஒருவனே தோளில் தூக்கி வண்டியில் வைத்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உன் மாமா ஒற்றை ஆளாகத் தூக்கக்கூடியது சாப்பாட்டுத் தட்டு மட்டும்தானே.

வீட்டில் கொண்டுவந்து இறக்கி, தரையோடு முடுக்கி, தட்டைச் சாய்த்து, கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு இஞ்சுத் துளை குடைகிற பிட்டை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். என்ன சத்தம் தெரியுமா, தேனாகப் பாடியது. பிட்டைக் கட்டையில் வைத்து அழுத்தினேன். பாட்டு முனகலாயிற்று, முனகல் இருமலாயிற்று, அப்புறம் ம்ம்ம் என்று ஒரே மூச்சாக நின்றுவிட்டது. மோட்டார் நிற்கிறது, பெல்ட் வழுக்குகிறது, ரப்பர் கருகுகிற நாற்றம், கட்டையில் பார்த்தால் கொசு கடித்த அளவுக்கு ஒரு வட்டம். பெல்ட்டை மெதுவாகச் சுற்றுகிற புல்லிக்கு மாற்றிப் பார்த்தேன், பிட்டைத் தீட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கடைசியில் உன் அம்மாவிடம் பேசுவது மாதிரித் தணிந்துகூடப் பேசிப் பார்த்தேன். நகரவில்லை. குனிந்து மோட்டாருக்கு அடியில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் படித்தால் இருநூற்றைம்பது வாட் என்று இருக்கிறது. ஒரு குதிரைக்கு எழுநூற்றுச் சொச்சம் வாட் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய்? முக்கால் குதிரை கேட்டவனுக்கு மூன்றில் ஒரு பங்கு! அது குதிரையே இல்லை, குதிரை வேஷம் போட்ட ஆட்டுக்குட்டி.

எனக்கு வந்த கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மெஷினையும் திரும்ப வண்டியில் ஏற்றி, அந்தக் கொசு கடித்த கட்டையையும் எடுத்துக்கொண்டு, உன் மாமாவையும் இழுத்துக்கொண்டு போனேன். கடை நிறைய ஆள். எல்லோர் முன்னாலும் கட்டையைக் கல்லாமேல் வைத்து, தம்பி, இதில் ஒரே ஒரு துளை போட்டுக் காட்டு, நான் இந்த மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்றேன். போட்டார். ம்ம்ம் என்றது. நின்றது. நாற்றம் கடையெல்லாம் பரவியது. ஒரு பெயிண்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, சமையல் ஆயிடுச்சா?" என்றார். அப்போதும் கடைக்காரர் சிரிக்கிறார் மகளே, சிரித்துக்கொண்டே சொல்கிறார், "அண்ணே, நீங்க என்ன கேட்டீங்க? முக்கால் கேட்டீங்க. நான் என்ன குடுத்தேன்? முக்கால் குடுத்தேன். இந்தா பாருங்க, பிட்டைக் கவ்வுற வாய், முக்கால் இஞ்சு வரைக்கும் கவ்வும்." வாய்! வாய் முக்கால் இருந்து என்ன பிரயோஜனம், வயிறு மூன்றில் ஒன்றுதானே? என் ஒரு இஞ்சு பிட்டுக்குப் பிடிக்கிற தண்டு அரை இஞ்சுகூட இல்லை, அதற்கு முக்கால் வாய் எதற்கு, கொட்டாவி விடவா? வாய் பெரிசு, உடம்பில் தெம்பு கிடையாது, இது மெஷினா இல்லை என் மச்சானா என்று கேட்டேன். பின்னால் நின்ற உன் மாமா, "என்னை எதுக்கு மச்சான் இழுக்குறீங்க?" என்றான். பில்லை எடுத்து நீட்டினார் அந்த மனிதர். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? டிரில்லிங் மெஷின், முக்கால், ஒன்று. அவ்வளவுதான். "எழுதினபடிதானே குடுத்திருக்கேன்?" என்றார். நான் அந்த மெஷினை அவர் கடை வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, இது உங்க குழந்தை, நீங்களே வளருங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது மெஷினும் இல்லை, துளையும் இல்லை, கைப்பிடியும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. கேட்கிறேன், இது எந்த ஊர் நியாயம்? ஒரு மனுஷன் மரவேலைக்காரன் என்று மூஞ்சியிலேயே எழுதியிருக்கிறது, தலையெல்லாம் மரத்தூள், காதில் பென்சில், அவன் முக்கால் என்று கேட்டால் என்ன முக்கால் கேட்பான்? நீயும்தான், மோட்டார் முக்கால் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் நாக்கு தேய்ந்தா போய்விடும்? இரு, போன் அடிக்கிறது, உன் மாமா வீட்டு நம்பர், மீதியை வந்து எழுதுகிறேன்.

வருகிறேன் என்று போனவன் ஆறு நாள் கழித்து வந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன், கிழித்துப் போடலாமா என்று இருந்தது, ஆனால் கோபம் நன்றாக வந்திருக்கிறது, வீணாக்க மனசில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். அன்றைக்குப் போனில் உன் மாமா. கடையில் நடந்ததைத் தன் அக்காவிடம் பாதி சொல்லிச் சிரிப்பு தாங்காமல், மீதியை நீங்களே சொல்லுங்க மச்சான் என்று என்னிடம் கொடுத்துவிட்டான். நானும் எல்லாருக்கும் கேட்கும்படி வைக்கச் சொல்லிவிட்டு முதலிலிருந்து கத்தினேன். முக்கால் கேட்டேன் முக்கால் கேட்டேன் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அப்போது பின்னாலிருந்து உன் அம்மாவின் குரல், பதினெட்டு நாளில் முதல் தடவை, என்னிடம் இல்லை, அவனிடம், "எதுல முக்கால்னு கேளு." உன் மாமா, "மச்சான், எதுல முக்கால்னு அக்கா கேக்குது" என்றான். மோட்டார்தான், வேறென்ன என்றேன். "அதைக் கடைக்காரர்கிட்ட சொன்னாரான்னு கேளு." உன் மாமா இந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை, அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள். அவளே சொன்னாள், "படியிலயும் இதேதான்." அப்புறம் உள்ளே போய்விட்டாள், கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன் மகளே. அம்மாவுக்குக் கால் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். வழுக்கவில்லை. நம் பட்டறைப் பேச்சு உனக்குத் தெரியும். ஒன்றரை கொண்டா என்றால் உளி, எண்பது கொண்டா என்றால் உப்புத்தாள், முக்கால் என்றால் பலகை. எண்ணைச் சொல்வோம், பொருளைச் சொல்லமாட்டோம், பெயர் சொல்கிற நேரத்தில் ஒரு ஆணி அடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர். அன்றைக்கு மேலேயிருந்து பழைய அலமாரியை இறக்கிக்கொண்டிருந்தோம். நான் மேல் பக்கம், அவள் கீழ் பக்கம், பின்னால் பார்க்காமல் பின்னோக்கியே இறங்குகிறாள். "இன்னும் எத்தனை?" என்று கேட்டாள். என் கண் படியில் இல்லை, அலமாரி மூலை சுவரில் உரசிவிடுமோ என்று இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று என்றேன். ஒரு இஞ்சு என்று அர்த்தம். அவள் ஒரு படி என்று நினைத்து, ஒன்று இறங்கி, தரை வந்துவிட்டது என்று காலைத் திருப்பினாள். இன்னும் மூன்று படி இருந்தது. விழுந்து கிடக்கிறவளைப் பார்த்து நான் என்ன கேட்டேன் தெரியுமா, சரியாகத்தானே சொன்னேன், ஒன்று இருந்ததே என்றேன். அவள் போனது கைப்பிடி இல்லாததற்காக மட்டும் இல்லை. இத்தனை நாள் கடைக்காரர் மேலும் உன் மேலும் வண்டி வண்டியாகக் கோபப்பட்டேனே, அதே பதிலைத்தான் அவர் எனக்குச் சொன்னார், முக்கால் கேட்டீங்க முக்கால் குடுத்தேன் என்று. என் வாயை அவர் முகத்தில் பார்த்தேன். சிரிப்பு மட்டும்தான் அவருடையது.

மறுநாள் காலையில் போனேன். செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நகர்ந்து நின்றார். நான் அவரைப் பார்த்து, வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்து வந்த பேச்சை மூச்சுவிடாமல் சொன்னேன், தம்பி, எனக்கு மரத்தில் துளை போட டிரில்லிங் மெஷின் வேண்டும், மரம் பழைய உத்தரம், துளை ஒரு இஞ்சு அகலம், எண்ணிக்கை நாற்பத்து நான்கு, மோட்டார் முக்கால் எச்.பி.க்குக் குறையக்கூடாது, வாய் எவ்வளவு இருந்தாலும் சரி. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார், அது இல்லாமல் பார்த்தால் அவர் வேறு ஆள், நல்ல மனுஷன் மாதிரி இருக்கிறார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா என்னண்ணே?" என்றார். நீ மொதல்லயே கேட்டிருந்தா என்ன தம்பி என்றேன். விட்டுக்கொடுக்க முடியுமா? பாதித் தப்புதான் என்னுடையது, மீதிப் பாதி கடையில்தான் இருக்கிறது, அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. இரும்புத் தகட்டில் குச்சி நுழைகிற அளவுக்குச் சின்னத் துளை போடுகிற மெஷினை மரத்தூள் தலையனுக்குக் கொடுக்கிறவன் ஒரு கேள்வி கேட்கவேண்டாமா? அவரும் அதை ஒத்துக்கொண்டு, பழையதை எடுத்துக்கொண்டு வேறு மெஷின் இறக்கிக் கொடுத்தார். மோட்டார் தகட்டை நானே குனிந்து படித்தேன், ஐந்நூற்று அறுபது. பில்லையும் என் கண் முன்னால் எழுத வைத்தேன், மரத்துக்கு, மோட்டார் முக்கால் எச்.பி. என்று முழுசாக. அதை வண்டியில் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. உன் மாமா முதலில் தனியாக முயன்று பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இது நல்ல மெஷின்" என்றான்.

வேகத்தைக் குறைக்கப் பெல்ட்டை மாற்றிப் போட்டு, பிட்டைக் கட்டையில் வைத்தேன். பாடவில்லை. இந்த மெஷினுக்குப் பாட்டு வராது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேலையை மட்டும் பார்க்கும். சீவல் சுருள் சுருளாகக் கொட்டியது, நான் சும்மா ஒரு கையைச் சக்கரத்தில் வைத்திருந்தேன், பொறுமையாகக் கேட்டால் கொடுக்கிற மரம்தான் அது. இரண்டு நாளில் நாற்பத்து நான்கும் முடிந்தது, தோள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் கைப்பிடி நின்றது. ஐந்தாம் நாள் மாமா வீட்டுக்கு நானே போனேன். வாசலில் நின்று சொன்னேன், அன்னைக்கு நான் ஒண்ணுன்னு சொன்னது ஒரு இஞ்சு, மூணு படி பாக்கி இருந்தது, தப்பு என்னோடதுதான் என்று. அவள், "முட்டை தின்னு தின்னு மூஞ்சியே முட்டை மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்லிப் பையை எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள், கடைசிக் கம்பு வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள், கடைசியில் "ஆடல" என்றாள். அதுதான் எனக்குப் பாராட்டு, சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம். அப்புறம் ஏறினாள். நான் கீழே நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னேன், முதல் படி, ரெண்டாவது படி, மூணாவது படி என்று, பதினொண்ணாவது படி, படி முடிஞ்சுது, இனிமே தளம் என்று. "தெரியுது, இருபது வருஷமா ஏறுறவதானே" என்றாள், ஆனால் நடுவில் நிறுத்து என்று சொல்லவில்லை. மேலே போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அங்கிருந்து, "இது வீடா, மரக்கடையா, எங்க பாத்தாலும் தூசி" என்று ஆரம்பித்தாள். இதை எழுதும்போதும் மேலே கட்டிலை நகர்த்திப் பெருக்குகிற சத்தம் கேட்கிறது. கேட்கக் கேட்க எனக்குப் பசிக்கிறது.

சுற்றுகிற மெஷின் பக்கத்தில் நிற்கும்போது தலைமுடியை அள்ளி முடிந்துகொள், தொங்குகிற சட்டை போடாதே, கையுறையைக் கழற்றிவிடு, மோட்டாருக்கு உறவுமுறை தெரியாது. உன் மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான், இடுப்புக்கு மருந்து தடவிக்கொண்டிருக்கிறான். நீ நூறு வயசு, நூறு வருஷம் என்று முழுசாகவே எழுதுகிறேன், நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. போன தடவை போனில் "இருபதுக்குள்ள வந்துடுவேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நானும் சரி இருபது என்று வைத்துவிட்டேன். நேற்று உன் அம்மாவிடம் சொன்னதும் கேட்டுவிட்டாள், எது இருபது, தேதியா, நாளா, வாரமா? எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்கச் சொன்னாள் என்றுதான் எழுத நினைத்தேன், நானும்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
எண்ணோடு பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கும் உன் அப்பா, ஒரு ஆள்.